சிவப்புக் கோட்டுக்கு நாலு நாள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கோடு அக்கா என்று பெயர். கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் மூன்றாம் சன்னல் அவருடையது, நான்காம் சன்னல் என்னுடையது. நடுவில் ஒரு இரும்பு அலமாரி, அதன் கதவு என்றைக்குமே சாத்தாது. பத்தொன்பது வருடம் அந்தக் கதவைத் தாண்டித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேனா இரவல் கேட்பார், திருப்பித் தரவே மாட்டார். என் தேநீரில் நான் மூன்றாவது கரண்டி சர்க்கரை போட்டால், "தம்பி, எனக்கு முன்னாடியே நீ போய்ச் சேர்ந்துடுவே போலிருக்கே" என்பார். அப்படி ஒரு வாய் அவருக்கு.

கோடு அக்கா என்ற பெயர் ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை வாங்கிப் படிக்கிற பிள்ளை செமஸ்டர் நடுவில் படிப்பை விட்டால் என்ன ஆகும் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. கொடுத்த பணம் கொடுத்ததுதானே என்று நினைப்பார்கள். அதுதான் இல்லை. பணம் மொத்தமாக வந்தாலும் நாள் நாளாகத்தான் பிள்ளைக்குச் சொந்தமாகும். பத்து நாள் வகுப்பில் உட்கார்ந்தால் பத்து நாளுக்கு உரியதுதான் அவளுடையது. மீதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை மறுபடி உதவித்தொகை கிடையாது, அதாவது மறுபடி படிப்பே கிடையாது. ஆனால் செமஸ்டரின் நாட்களில் அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் கதை வேறு. முழுப் பணமும் அவளுடையது. அன்றைக்கே பெட்டியைக் கட்டினாலும் ஒரு பயல் கேட்க முடியாது.

அந்த நாள் எது என்று தெரிய, ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுவோம். நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் எண். அறுபது சதவீதம் தாண்டுகிற நாளில் தடித்த சிவப்புக் கோடு. சார்ட் போடுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அடிக்கோல் வைத்து இழுத்தால் ஒரு நூல் விலகாது. ஆனால் பெயர் என்னவோ அக்காவுக்குப் போய்விட்டது. படிப்பை விடுகிறேன் என்று யார் வந்து நின்றாலும், படிவத்தைக் கொடுக்கும் முன் நாற்காலியைத் திருப்பி அந்தக் கோட்டைப் பார்ப்பார். "இன்னும் ஆறு நாள் பல்லைக் கடிச்சுட்டு வகுப்புக்குப் போ, அப்புறம் வா" என்று அனுப்பிவைப்பார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று சட்டமில்லை. ஹெட் கிளார்க்குக்குப் பிடிக்கவும் பிடிக்காது. அக்கா அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அவரும் பாதியில் விட்டவர்தான். இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று தகவல் வர, அழுதுகொண்டே ஊருக்கு ஓடியிருக்கிறார். இரண்டே இரண்டு நாள் குறைந்துபோயிற்று. அது அவருக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. டைப்பிஸ்ட் சம்பளத்தில் ஆறு வருடம் அந்தப் பணத்தைக் கட்டினார். கட்டி முடித்தபோது கையில் குழந்தை. படிப்பு அங்கேயே நின்றது.

"இதுல கூத்து என்னன்னா தம்பி, அப்பாவுக்கு ஒண்ணுமே ஆகலை. பத்தே நாள்ல எழுந்து உட்கார்ந்து, ரேடியோ சத்தம் பத்தலைன்னு எங்கம்மாகூடச் சண்டை. அப்புறம் பன்னிரண்டு வருஷம் ஜம்முன்னு இருந்தார். நான் அந்த ரெண்டு நாளைக் கழிச்சுட்டுப் போயிருந்தா என்ன குடியா முழுகியிருக்கும்?" இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குத்தான் கேட்க எரிச்சலாக இருக்கும்.

அந்தப் பெண் வந்தது ஒரு திங்கட்கிழமை, மத்தியானம். அவள் வருவதற்கு முன் அவளுடைய சூட்கேஸ் சத்தம் வந்தது. நான்கு சக்கரத்தில் ஒன்று உடைந்திருந்தது. எங்கள் வராண்டா பழைய ஓடு பதித்தது. கடகட, கடகட, டக். கடகட, கடகட, டக். மூன்றாம் சன்னலில் வந்து நின்றது.

"மேடம், டிஸ்கன்டின்யூ ஃபாரம் வேணும்."

அம்மாவுக்கு ஈரலில் கட்டி. ஊர் பதினோரு மணி நேர பஸ் பயணத்தில் இருந்தது. அப்பா இல்லை. ஐந்தாவது படிக்கிற தங்கை ஒருத்திதான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டர் இரண்டு மூன்று மாதம் என்று சொல்லியிருந்தார். காலை முதல் வகுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தாள், நாலு மணிக்கு பஸ்.

அக்கா நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். திங்கட்கிழமைக் கட்டத்தில் அறுபத்து மூன்று. என் சிவப்புக் கோடு அறுபத்தேழில் இருந்தது, அந்த வெள்ளிக்கிழமையில்.

"கண்ணு, இன்னும் நாலு நாள்தான் இருக்கு" என்று தொடங்கி, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். இன்றைக்குப் போனால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப போய்ப் பார்த்துட்டு, வெள்ளிக்கிழமை வந்துடேன்" என்றேன் நான், அலமாரிக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. மூக்கை நுழைக்காமல் இருக்கத் தெரியாது எனக்கு.

"போனா வர மாட்டேன் சார். அம்மா என் கையைப் பிடிச்சா விட மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

"அப்ப இருந்து முடிச்சுட்டே போயிடு" என்றார் அக்கா. "அப்பதான் நாளைக்கு நீ திரும்பி வந்து படிக்கலாம். நான் பட்டவ, சொல்றேன். நாலு நாள்ல என்ன ஆயிடப்போகுது? பெட்டியைக் கொண்டுபோய் ரூம்ல வை."

அவள் அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் செய்தாள். அந்த அம்மாவும் இருந்து முடித்துவிட்டே வரச் சொல்லியிருக்க வேண்டும். "சரிம்மா, சரிம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடகட, கடகட, டக். பெட்டி வந்த வழியே விடுதிக்குத் திரும்பிப் போயிற்று. ஒரு பெண்ணைக் கரைசேர்த்துவிட்ட நிறைவில் அக்கா அன்றைக்கு எனக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தார். அதில் நான் நான்கு கரண்டி சர்க்கரை போட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய், புதன், வியாழன். வியாழனன்று அக்கா வராண்டாவில் அவளைப் பார்த்திருக்கிறார். அம்மா இரண்டு வாய் கஞ்சி குடித்தார்களாம். "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்று என்னிடம் வந்து பெருமையடித்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மறுபடி அந்தச் சத்தம். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். காலை முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் இருந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். கூடத்துக்குள் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. "முடிஞ்சது மேடம்" என்று சிரித்தாள். படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு, பஸ் ஏறுகிறேன் என்று அம்மாவிடம் சொல்வதற்காக போனை உயிர்ப்பித்தாள்.

உயிர்ப்பித்ததுமே அது அடித்தது. தங்கை. அம்மா பத்தரை மணிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. போனைக் காதில் வைத்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவளுடைய கையைப் பிடித்தார். பிறகு அவள் கையை உருவிக்கொண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு இன்றைக்கும் அந்த டப்பாவில் என்ன சாப்பாடு இருந்தது என்று நினைவில்லை.

அன்று சாயந்திரம் அவளுடைய படிவத்தின் அலுவலகப் பகுதியை அக்கா நிரப்ப வேண்டியிருந்தது. நான் கிளம்பும்போதும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார், பேனாவின் மூடியைக் கழற்றாமல். "போகலாம் வாங்கக்கா" என்றேன். "நீ போ தம்பி" என்றார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் சுவரில் என் சார்ட் இல்லை. அந்த இடத்தில் புதிதாக ஒன்று, அக்காவின் கோணல்மாணல் எழுத்தில், அதுவும் மீதி நாட்களுக்கு மட்டும்.

"இது என்ன வேலை?" என்றேன்.

"இனிமே சார்ட்டை நான் போடுறேன். உன் கையெழுத்து சகிக்கலை."

எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? முத்து முத்தாக எழுதுகிறவன் நான். கோழி கிளறிய மாதிரி எழுதுகிற மனுஷி என்னைப் பார்த்துச் சொல்கிறார்! துக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை. இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகும் ஒவ்வொரு செமஸ்டரும் அவர் சார்ட்டை ஒட்டும்போது, "ஆகா, ஓவியம்!" என்று குத்துவேன். ஏழு வருடம் குத்தினேன். ஒரு நாள்கூட அவர் திருப்பிச் சொல்லவில்லை. அவருக்கிருந்த வாய்க்கு அது ஆச்சரியம்தான், ஆனால் நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

அக்கா அதற்குப் பிறகு வேறு ஆளாகிவிட்டார். சன்னலில் யாருமே இருக்க மாட்டார்கள். குனிந்து எழுதிக்கொண்டிருப்பவர் சட்டென்று நிமிர்ந்து, "சொல்லும்மா" என்பார். காலியான கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார். விடுதி திறக்கிற நாட்களில் பிள்ளைகள் வரிசையாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருவார்கள். இருநூறு பெட்டிச் சத்தத்திலும் அவர் சும்மா இருப்பார். எங்கேயாவது ஒன்று சக்கரம் உடைந்து டக் என்றால் போதும், எழுதிய பேனா அப்படியே நிற்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட மாட்டார். புதிய சார்ட்டை ஒட்டியதும் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

"நாலு நாள்தானே" என்ற சொல் அவர் வாயிலிருந்து அதற்கப்புறம் வரவே இல்லை. வீட்டில் உடம்பு சரியில்லை என்று யாராவது வந்து நின்றால், "முதல்ல கிளம்பு. பணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். கோட்டுக்கு ஒரே ஒரு நாள் இருந்தபோதுகூட ஒருத்தியை அப்படி அனுப்பினார். பிறகு அவளுக்காக விலக்குக் கேட்டு மேலிடத்துக்குப் பதினான்கு கடிதம் எழுதினார். பதினைந்தாவதில்தான் கிடைத்தது. ஹெட் கிளார்க் கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு அக்கா அடுத்த கடிதத்தை எடுத்தார்.

அந்தப் பெண் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். கடன் பாக்கி எதுவும் இல்லாததால் உதவித்தொகை உடனே கிடைத்தது. படித்து முடித்தாள், வேலையும் கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கியதும் அக்காவைப் பார்க்க வந்தாள்.

"நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னா மேடம், நான் இன்னிக்கு எங்கேயோ பாத்திரம் கழுவிட்டு இருந்திருப்பேன். அந்த நாலு நாள்தான் எனக்குச் சோறு போடுது" என்றாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து கழிப்பறைக்குப் போனவர், அவள் போகும்வரை வரவே இல்லை. நன்றி சொல்ல வந்த பிள்ளையை இப்படியா நடத்துவது என்று அதற்கும் நான் அவரைத் திட்டினேன்.

போன வருடம் அக்கா ஓய்வு பெற்றார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "கீழ் இழுப்பறை கொஞ்சம் இறுகும், காலால உதை" என்றார். அவ்வளவுதான் அவருடைய பிரிவுரை. ஒரு மாதம் கழித்து, பழைய கோப்புகளைக் கிடங்குக்கு அனுப்பச் சொன்னார்கள். கீழ் இழுப்பறையை உதைத்துத் திறந்தேன். அந்தப் பெண்ணின் கோப்பு மட்டும் தனியாக இருந்தது. படிவத்துக்குப் பின்னால் எட்டாக மடித்த சார்ட். என் சார்ட்.

விரித்தேன். முத்து முத்தான என் எழுத்து, நூல் விலகாத என் சிவப்புக் கோடு. அதற்கு ஆறு கட்டம் முன்னால், அறுபத்தொன்றாம் நாளைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். சனிக்கிழமை. அவள் முதல் தடவை சன்னலுக்கு வந்த திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால்.

படிவத்தைப் பார்த்ததும் புரிந்தது. அதில் ஒரு வரி உண்டு, எங்களுக்கெல்லாம் மனப்பாடம்: ஐந்து நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விடுமுறை இருந்தால் மொத்தத்திலிருந்து கழிக்கவும். வழக்கமாக எங்கள் இடைவிடுமுறை நான்கு நாள், கழிக்க வேண்டியதே இல்லை. அந்த வருடம் விடுதியில் தண்ணீர்க் குழாய் மாற்றுகிறார்கள் என்று ஒன்பது நாளாக நீட்டியிருந்தார்கள். நான் அந்த ஒன்பது கட்டத்துக்கு எண் போடாமல் விட்டேன். அது சரி. ஆனால் மொத்த நாட்களைக் கல்லூரி நாட்காட்டியின் முதல் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்தேன், நூற்றுப்பத்து. ஒன்பதைக் கழிக்கவில்லை. நூற்றுப்பத்துக்குக் கோடு அறுபத்தேழில் விழும். உண்மையான மொத்தம் நூற்றொன்று. அதற்கு அறுபத்தொன்றிலேயே தாண்டியாயிற்று.

அந்தத் திங்கட்கிழமை அவள் பெட்டியோடு வந்து நின்றபோது பணம் முழுக்க அவளுடையதாகிவிட்டிருந்தது. நாலு மணி பஸ்ஸில் ஏறியிருக்கலாம். செவ்வாய் விடியும்போது அம்மாவின் கையைப் பிடித்திருக்கலாம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே அக்காவின் வீட்டுக்குப் போனேன். தெருவைப் பார்த்த சின்னக் கூடம். அவருடைய வீட்டுக்காரர் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த சார்ட்டைப் பார்த்ததும் அக்கா, "ஏங்க, கடையில பால் வாங்கிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினார்.

"ஏன்கா சொல்லலை?" சார்ட்டை விரித்துக் காட்டினேன். "ஏழு வருஷம் உங்களைக் குத்திக்கிட்டே இருந்தேனே, பாவி. அப்பவாவது மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? நீயும் என்னை மாதிரி சன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பே. ஒரு ஆபீஸுக்கு ஒரு பைத்தியம் போதாதா?"

"தப்பு என்னோடதுக்கா."

"கோடு போட்டது நீ. எண்ணிப் பார்க்காம வாயைத் திறந்தது நான். என்ன ஆயிடப்போகுதுன்னு கேட்டது நான்தானே? அந்தம்மா என்ன எங்கப்பாவா, ரேடியோ கேட்டுட்டு எழுந்து உட்கார? எங்கப்பாவுக்குத்தான் அப்படி ஆச்சு. எல்லாருக்கும் அப்படியே ஆகும்னு நினைச்சுட்டேன்." தெருவில் ஏதோ வண்டி கடகடவென்று போயிற்று. அது போய் முடியும்வரை அக்கா பேசவில்லை.

"அவகிட்ட ஏன் சொல்லலை?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. முதல் சம்பளத்தோட வந்து நின்னாளே, அன்னிக்கு. அந்த நாலு நாளும் எதுக்காகப் போச்சுன்னு கேட்டா, சொல்ல அவகிட்ட ஒரு பதில் இருக்கு தம்பி. படிப்புக்காகன்னு. அதுவும் இல்லைன்னு ஆச்சுன்னா அவ எதைப் பிடிச்சுட்டு நிப்பா? என் மனசு லேசாகணும்னு அதையும் நான் பிடுங்கணுமா?"

சரி என்றும் தோன்றியது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட நாம் யார் என்றும் கோபம் வந்தது. அக்கா சார்ட்டை வாங்கி மறுபடி எட்டாக மடித்து என்னிடமே கொடுத்தார். பால் வந்தது. தேநீர் போட்டு, மூன்று கரண்டி சர்க்கரையை அவர் கையாலேயே போட்டார்.

இந்த வருடச் சேர்க்கையின்போது வராண்டாவில் பெட்டி சத்தம் கேட்டது. புதுப் பெட்டி, சக்கரம் நான்கும் ஒழுங்காக உருண்டன. நான் இப்போது மூன்றாம் சன்னலில் இருக்கிறேன். நிமிர்ந்தால் அந்தப் பெண். பக்கத்தில், ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த தங்கை, இப்போது அவள் உயரத்துக்கே வளர்ந்திருக்கிறாள். அவளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் வேண்டுமாம்.

"மேடம் இல்லையா சார்?"

"ரிடையர் ஆயிட்டாங்கம்மா."

முகம் வாடிப்போயிற்று. தங்கையிடம் திரும்பினாள். "இந்தச் சன்னல்தான்டி. இங்கதான் சொன்னாங்க, நாலு நாள் இருந்துட்டுப் போன்னு. இவ இன்னும் என்கிட்டச் சண்டை போடுவா சார். அம்மா வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க, நீ வரலைன்னு. அந்த நாலு நாள் இல்லைன்னா நானும் படிச்சிருக்க மாட்டேன், உன்னையும் படிக்க வைக்க முடியாதுன்னு இவளுக்கு எத்தனை தடவை சொல்றது!"

தங்கை சன்னலுக்குள் என்னைப் பார்த்தாள். கீழ் இழுப்பறை என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. அதற்குள்தான் சார்ட் இருந்தது.

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"இதைக் கணக்குப் போட்டுக் கோடு போடுறது யாரு சார்? மேடம்தானா?"

"இல்லம்மா" என்றேன். "அப்ப போட்டது நான்தான்."

"நீங்களா?" அவள் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பி, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்" என்றாள். தங்கையின் முதுகில் தட்டி, "நீயும் சொல்லுடி" என்றாள்.

தங்கை கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

"நல்லா இரும்மா" என்றேன். விண்ணப்பத்தை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினேன்.